தேக்குப் பெட்டிக்குள் மதர்போர்டு: நான்கு மூலையில் திருகு போட்டால் போதுமா?

ஜூன் 2, மாலை (திசையன்விளையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணாச்சி, என்னிடம் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவிலான கணினி மதர்போர்டு ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதன் கேபினெட் உப்புக் காற்றில் துருவேறி உதிர்ந்துவிட்டது. வீட்டில் பாட்டி காலத்து நாட்டுத்தேக்குப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் அடிப்பலகையில் நான்கு மூலைக்கும் மரத்திருகு போட்டு மதர்போர்டை இறுக்கிவிடலாம் என்று இருக்கிறேன். மரத்தில் மின்சாரம் பாயாது, ஆகவே போர்டைத் தூக்கி நிறுத்தும் பித்தளைக் கால்களும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

ஜூன் 2, இரவு

உங்கள் நண்பர் சொன்னதில் மரத்தில் மின்சாரம் பாயாது என்பது மட்டும், அதுவும் மரம் காய்ந்திருக்கும்வரை, சரி. மற்ற இரண்டும் தவறு.

பித்தளைக் கால்களை மின்காப்புக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். மதர்போர்டைத் திருப்பிப் பாருங்கள். ஈயம் பற்றவைத்த முனைகள் ஊசி ஊசியாக அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே பலகையில் வைத்து நான்கு மூலையையும் இறுக்கினால், நடுப்பகுதி அந்த முனைகளின் மேல் தாங்கி நிற்க, மூலைகள் மட்டும் கீழே இழுபட்டு, போர்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்துவிடும். அந்த வளைவினால் அன்றைக்கே எதுவும் கெடாது. சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து, சில மாதங்கள் கழித்து ஏதோ ஒரு பற்றவைப்பு விரிசல் விடும். அப்போது நினைவகத்தைக் கழற்றி மாட்டினால் ஓடும், மறுநாள் ஓடாது. பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் நோய்களிலேயே பிடிபடாத நோய் அதுதான்.

கால்களின் வழக்கமான உயரம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கடையில் 6.5 மி.மீ. என்று தருவதும் ஏறக்குறைய அதுவே.

நான்கு மூலை என்ற கணக்கும் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டுக்குப் பொருந்தாது. முழு அளவு 244 மி.மீ. சதுரம், அகலத்தைப் பொறுத்து ஆறோ எட்டோ துளைகள் இருக்கும். நடுவில் இருக்கும் துளைகளை அழகுக்காக வைக்கவில்லை. நினைவகத்தையும் 24 முனை மின் இணைப்பையும் கட்டைவிரலால் அழுத்தி மாட்டும்போது அந்தப் பாரத்தை அடியில் ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். எர்த்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது இரண்டு வரியில் முடிகிற விஷயமன்று.

ஜூன் 3

எர்த்.

மதர்போர்டின் திருகுத் துளைகளைச் சுற்றி வெள்ளியாக மின்னும் வளையம் இருக்கிறதல்லவா, அது போர்டின் கிரவுண்டோடு, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுத் தடத்தோடு, இணைந்தது. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கறுப்புக் கம்பிகளும் அதே கிரவுண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இரும்பு உடலும் அதனோடு இணைந்தே இருக்கிறது. அந்த உடல், மூன்று முனை பிளக்கின் பெரிய முனை வழியாக வீட்டு எர்த்தைச் சேர்கிறது. ஆகவே மரப்பெட்டிக்குள் வைத்தாலும் மதர்போர்டுக்கு எர்த் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். போர்டிலிருந்து தனியாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டு, எர்த்தே வேண்டாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார் போலும்.

சுவரில் இருக்கும் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதே கேள்வி. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில், மின் இரைச்சலை வடிக்க, இரண்டு கம்பிகளிலிருந்தும் உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் கொடுத்திருப்பார்கள். எர்த் அறுந்திருந்தால் உடலில் 230 வோல்ட்டின் பாதி, சுமார் 115 வோல்ட், மல்டிமீட்டரில் காட்டும். ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. வெறுங்காலுடன் நின்று தொட்டால் சுள்ளென்று இருக்கும். மரப்பெட்டியைத் தொடும்போது அது தெரியாது என்பதுதான் ஆபத்து. பின்னால் யு.எஸ்.பி. வாயையோ எச்.டி.எம்.ஐ. கம்பியின் முனையையோ தொடும்போது தெரியும். டி.வி.யும் கணினியும் வெவ்வேறு எர்த்தில் இருக்க, ஓடும்போதே எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகி டி.வி.யின் வாயைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திசையன்விளைப் பக்கம் தேரி மணல். தண்ணீர் நிற்காத மண்ணில் எர்த் குழி கோடையில் வறண்டுபோகும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழியாக இருந்தாலும், சித்திரை வைகாசியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் பெயருக்குத்தான் எர்த். எலக்ட்ரீசியனை அழைத்து ஒருமுறை சோதித்துவிட்டுப் பிறகு பெட்டியில் கை வையுங்கள்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

மின்சாரப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு வந்த சாம்பல் நிறப் பளபளப்பு உறையின் மேலேயே போர்டை வைத்து மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த உறையில் உலோகப் பூச்சு உண்டு. அட்டைப் பெட்டியின் மேல் வைத்துச் சோதியுங்கள்.

ஜூன் 6

துளைகளின் இடத்தை எப்படிக் குறிப்பது என்று மேலப்பாளையத்து அன்பர் கேட்டிருக்கிறார். இணையத்தில் வரைபடம் கிடைக்கும், அச்சடித்து ஒட்டலாம் என்பார்கள். அச்சு இயந்திரம் பக்கத்துக்குப் பொருந்துமாறு படத்தைத் தானே நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருக்கிவிடும்; 20 செ.மீ. தூரத்தில் அது அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டும். அளவுகோல் வைத்துச் சரிபார்க்காமல் அச்சுத்தாளை நம்பக் கூடாது.

எனக்குப் பழகிய முறை வேறு. கல்யாணப் பத்திரிகை அட்டை போன்ற கனத்த அட்டையை மேசையில் விரித்து, நினைவகம், விசிறி எல்லாம் கழற்றிய போர்டை அதன் மேல் வைத்து, பின்பக்க இணைப்பு வாய்கள் அட்டையின் விளிம்போடு ஒட்டி நிற்குமாறு நகர்த்த வேண்டும். கூர்மையான பென்சிலைத் துளையின் சுவரோடு உரசிச் சுற்றினால் அட்டையில் ஒரு வட்டம் விழும். துளையின் விட்டம் 3.96 மி.மீ.; அந்த வட்டத்தின் நடுவைக் கண்ணாலேயே கண்டு ஊசியால் குத்தலாம். போர்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அட்டையைப் பலகையிலோ தகட்டிலோ ஒட்டி, ஊசித்துளையின் மேல் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. போர்டையே வார்ப்பாக வைத்து அதன் துளை வழியே டிரில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மினி ஐ.டி.எக்ஸ். வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த 170 மி.மீ. சதுரப் போர்டின் நான்கு துளைகளும் நேர் சதுரத்தில் இல்லை. மூன்று துளைகள் மூலைமட்டத்துக்கு நிற்க, நான்காவது துளை 22.86 மி.மீ. தள்ளி இருக்கும். ஸ்கேல் வைத்து இரண்டு துளையை அளந்து மற்றவற்றைச் சதுரமாகக் கோடிட்டால் கடைசித் துளையில் திருகு இறங்காது.

ஜூன் 9

இனி மரம். இந்தக் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

கார்த்திகை மாதத்தில் உங்கள் வீட்டு வாசற்கதவு நிலையில் பிடித்துக்கொள்கிறது, பங்குனியில் தானாக விட்டுவிடுகிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, காய்ந்து வற்றுகிறது. நாரின் நீளவாக்கில் இந்த அசைவு இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாக்கில் நன்றாகவே இருக்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்பது உண்மை. இருந்தாலும் 30 செ.மீ. அகலமுள்ள ஒற்றைத் தேக்குப் பலகை வைகாசி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கக்கூடியது.

இப்போது திருகின் கணக்கைப் பாருங்கள். போர்டின் துளை 3.96 மி.மீ. நீங்கள் போடும் எம்3 திருகு 3 மி.மீ. ஆக, திருகுக்கு எந்தப் பக்கமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே இருக்கிறது. கேபினெட்டுகளில் வரும் 6-32 மரை கொண்ட திருகு சுமார் 3.5 மி.மீ. கனம், அதற்குக் கால் மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. மரத்திலேயே நேராகக் கால்களை நட்டு, எட்டுத் திருகையும் இறுக்கிவிட்டால், பலகை விரியும்போது கால்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகும். போர்டு விலகாது. அந்த இழுப்பு முழுவதும் துளைகளின் ஓரத்தில் இறங்கும். துளை ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி மயிரிழை போன்ற செம்புத் தடங்கள் ஓடுகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது: மதர்போர்டை மரத்தில் பொருத்தாதீர்கள். ஒரு தகட்டில் பொருத்துங்கள். தகட்டை மரத்தில் பொருத்துங்கள். போர்டுக்கும் தகட்டுக்கும் இடையில் எந்த அசைவும் கூடாது. தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் அசைவுக்கு இடம் இருக்க வேண்டும்.

அந்த இடத்தை எப்படி விடுவது என்றால், பெரிய சாப்பாட்டு மேசைக்குப் பலகை பூட்டும் ஆசாரி செய்வது போலத்தான். தகட்டின் பின்விளிம்பில் மட்டும் வட்டத் துளை போட்டுத் திருகை இறுக்க வேண்டும். மற்ற மூன்று இடங்களில் நாரின் குறுக்குவாக்கில் நீண்ட துளை போட்டு, அகன்ற வாஷர் வைத்து, திருகு தகட்டைத் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். மரம் வேண்டியமட்டும் அசைந்துகொள்ளும், தகடு அப்படியே இருக்கும். பின்விளிம்பை ஏன் இறுக்கச் சொல்கிறேன் என்றால், யு.எஸ்.பி. வாய்களும் ஒலி வாய்களும் வெளியே எட்டிப்பார்க்கும் திசை அது. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கம்பி நுழையாது.

ஜூன் 9, இரவு

"இவ்வளவு செய்வதற்குப் புதுக் கேபினெட்டே வாங்கிவிடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்கலாம். பாட்டியின் பெட்டி கடையில் கிடைக்காது.

ஜூன் 12

தகடு எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. இரண்டு வழி சொல்கிறேன். இரண்டாவது எனக்குப் பிடித்தது.

முதல் வழி பீரோ பட்டறை. நம் ஊர்களில் பீரோ செய்கிற பட்டறை இல்லாத கடைவீதி குறைவு. 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மி.மீ. கனத்தில், ஒரு துண்டு கேளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் செங்குத்தாக மடக்கித் தரச் சொல்லுங்கள். படுத்திருக்கும் பகுதியில் போர்டு அமரும். நிமிர்ந்திருக்கும் பகுதி பெட்டியின் பின்பக்கமாகும். மடக்கு இயந்திரம் அவர்களிடமே இருக்கிறது என்பதால் சுத்தியலால் தட்டி மடக்கியது போல் அலை அலையாக வராது.

ஏன் 18 கேஜ்? மதர்போர்டோடு வரும் பின்பக்க மறைப்புத் தகடு, ஐ.ஓ. ஷீல்டு என்பது, 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. உயரமும் உள்ள திறப்பில் 'டக்'கென்று உட்காருமாறு செய்யப்பட்டது. அது கவ்விப் பிடிக்கும் சுவரின் கனம் 0.94 முதல் 1.32 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பது போர்டுக்கும் கேபினெட்டுக்கும் அளவு வகுக்கும் ஏ.டி.எக்ஸ். வரையறை. உங்கள் பெட்டியின் பின்பலகை முக்கால் அங்குலம் இருக்கும். அதில் எவ்வளவு துல்லியமாகத் திறப்பு வெட்டினாலும் ஷீல்டு கவ்வாது. கம்பிகளின் தலையும் அந்த ஆழத்துக்குள் போய்ச் சேராது. மரத்தில் பெரிய சன்னல் போலத் திறந்துவிட்டு, தகட்டை அதற்குள் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது வழி காயலான் கடை. செத்த கேபினெட் ஒன்றை எடைக்கு வாங்கி, அதிலிருந்து போர்டு அமரும் தட்டையும் பின்பக்கச் சுவரையும் பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி எடுத்துவிடுவது. ஏ.டி.எக்ஸ். வரையறை 1995-இல் வந்தது. அதன் துளைகளின் இடம் அன்றிலிருந்து மாறவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வந்த கேபினெட்டின் தட்டில் நேற்று வாங்கிய போர்டு பொருந்தும். கால்களுக்கான மரை, ஷீல்டுக்கான திறப்பு, கார்டுகளுக்கான பிளவுகள், இவற்றுக்கிடையே உள்ள உயரக் கணக்கு எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். நாம் அளக்க வேண்டிய வேலை பெரும்பாலும் போய்விடுகிறது.

வெட்டும் முன் ரிவெட்டுகளைப் பாருங்கள். பல கேபினெட்டுகளில் தட்டு தனியாக ரிவெட் அடித்துத்தான் நிற்கும். 5 மி.மீ. பிட்டால் ரிவெட்டின் தலையை மட்டும் கடைந்தால் தலை பிட்டிலேயே வளையமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்; தண்டைப் பின்னாலிருந்து ஆணியால் தட்டினால் விழும். கிரைண்டர் வைத்தால்தான் ஆகும் என்ற இடத்துக்கு மட்டும் கிரைண்டர். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்காவிட்டால் முதல் பலி உங்கள் விரல்.

இரும்புத் தூளை என்ன செய்வது? துடைத்தால் போகாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு, தட்டின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். மூலைமுடுக்கிலும் மரைத் துளைகளிலும் இருந்து தூள் எழும்பிப் பையின் வெளிப்புறத்தில் கம்பளிப்பூச்சி மயிர் போலச் சிலிர்த்து நிற்கும். குப்பைக் கூடையின் மேல் கொண்டுபோய்ப் பையை உள்வெளியாகத் திருப்பினால் காந்தம் தனியாக வந்துவிடும், தூள் பைக்குள் சிக்கிக்கொள்ளும். இதைச் செய்யாமல் போர்டைத் தட்டில் வைக்கவே கூடாது.

ஜூன் 13

உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு சேர்க்கை. தட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஒரு கோட் பெயின்ட் அடியுங்கள். ஆனால் கால்கள் அமரும் இடங்களிலும் எஸ்.எம்.பி.எஸ். தொடும் இடத்திலும் பெயின்டைச் சுரண்டி இரும்பைக் காட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் இதே தட்டில் திருகிவிட்டால் தட்டு முழுவதும் எர்த்தில் இருக்கும். சுரண்டிய இடம் துருப்பிடிக்குமே என்று கேட்பீர்கள். முடுக்கிய பிறகு சுற்றிலும் கொஞ்சம் வாசலைன் தடவிவிடுங்கள்.

ஜூன் 17

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மரம் வேண்டாம், தகடும் வேண்டாம், 15 கிலோ எண்ணெய்த் தகரம் போதும் என்று கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் எழுத, அதற்கு இன்னொருவர் இருட்டுக்குள் விற்கும் அல்வாவுக்கான டப்பா ஏன் கூடாது என்று கேட்டிருக்கிறார். அல்வா டப்பாவில் போர்டு போகாது. ஒரு கிலோ டப்பாவில் எஸ்.எம்.பி.எஸ்.ஸே போகாது. அதோடு, நெய்ப் பிசுக்கோடு இருக்கும் டப்பாவுக்குள் சிற்றெறும்பு வராமல் காக்க எந்த விசிறியாலும் முடியாது.

எண்ணெய்த் தகரத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதன் அடி ஏறக்குறைய 23 செ.மீ. சதுரம். மினி ஐ.டி.எக்ஸ். போர்டு தாராளமாக அமரும், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அமராது. 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் உள்ள சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மேலே போய்விடும். குறை என்னவென்றால் தகரம் மெல்லியது. விசிறி ஓடினால் கூடவே அதிரும். ஷீல்டு கவ்வ அதற்குக் கனம் போதாது. போர்டின் திருகை முடுக்கினால் தகரம் குழிந்துவிடும். உள்ளே ஒரு பிளைவுட் துண்டை அடியாக வைத்து, அதில் கால்களை நட்டால் நிற்கும். வெளியே எண்ணெய் நிறுவனத்தின் படம் அப்படியே இருந்தால் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஜூன் 18

பிளைவுட்டில் மட்டும் நேராகக் கால் நடலாமா, அதுவும் மரம்தானே என்று சரியான இடத்தில் பிடித்திருக்கிறார் அம்பாசமுத்திரத்து நண்பர். ஒன்பதாம் தேதி நான் எழுதியது ஒற்றைப் பலகைக்கு. பிளைவுட்டில் அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அகலவாக்கில் அது உப்புவது மிகக் குறைவு. ஆகவே 12 மி.மீ. பிளைவுட்டில் நேராகக் கால் நடுவதில் எனக்கு மறுப்பில்லை.

அதற்கு வேறு நோய் உண்டு. ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால், ஒட்டாத பக்கம் ஈரம் குடித்து, பலகை கிண்ணம் போல வளையும். சாரல் காலத்தில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இது கண்கூடு. மைக்கா ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் வார்னிஷ் மட்டும் அடியுங்கள். பித்தளைக் காலின் மரை மரத்தில் பிடிப்பதற்கானதன்று. பின்பக்கமிருந்து எம்3 போல்ட்டை விட்டு, மேலே காலை முடுக்கிக்கொள்வதே நிலைக்கும். போல்ட்டின் தலைக்குக் கீழே வாஷர் அவசியம்.

பேனா ரீஃபில் குழாயைச் சமமாக வெட்டிக் கால்களாகப் போடலாமா என்று கேட்டவருக்கு: சமமாக வெட்டினால் போடலாம். யாரும் சமமாக வெட்டுவதில்லை.

ஜூன் 24

திசையன்விளைத் தம்பி கேட்கிறார்: கேபினெட்டின் பவர் பொத்தானும் துருப்பிடித்துவிட்டது, வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றைப் போடலாமா?

கூடாது. போர்டில் முன்பக்கப் பொத்தான்களுக்கான ஊசி வரிசையில் 6, 8 ஆகிய இரண்டு ஊசிகளை ஒரு நொடி தொடுவித்தால் கணினி விழிக்கும். தொடர்ந்து நான்கு நொடி தொட்டுக்கொண்டே இருந்தால் வலுக்கட்டாயமாக அணைந்துவிடும். லைட் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால் அது போட்டபடியே இருக்கும். கணினி எழுந்து, நான்கு நொடியில் படுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று நீங்கள் அதை மாற்றக் கிளம்புவீர்கள். வாசலில் வைக்கும் காலிங் பெல் பொத்தான் சரியாகப் பொருந்தும். அழுத்தினால் தொடும், விட்டால் விலகும். தேக்குப் பெட்டிக்குப் பழைய பித்தளை வளையம் வைத்த பெல் பொத்தான் கிடைத்தால் இன்னும் பொருத்தம். வருகிற உறவினர் எல்லாரும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 5

காற்றோட்டம் பற்றிப் பலர் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மரம் சூட்டை வெளியே விடாது என்பது உண்மை. ஆனால் இரும்புக் கேபினெட்டிலும் சூட்டில் பெரும்பகுதியை வெளியேற்றுவது சுவர் அன்று, காற்றே. நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இருந்தால் மரம் ஒரு குறையாகாது. முன்பக்கம் கீழே 120 மி.மீ. விசிறி ஒன்று உள்ளே இழுக்க, பின்பக்கம் மேலே ஒன்று வெளியே தள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி உள்ளிருக்கும் காற்றை எடுத்துப் பின்னால் துப்பும். அதன் வாயைப் பலகையோடு ஒட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள். பல இன்டெல் புராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி காரணமின்றி மந்தமானால் முதலில் சூட்டைப் பாருங்கள்.

ஆடிக் காற்று தொடங்கப்போகிறது. தேரி மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கொசுவலைத் துணியை வடிகட்டியாகப் போட்டால் காற்றும் குறையும். அதனால் விசிறியின் அளவைவிட இரண்டு மடங்கு பரப்பில் துளைவெட்டி வலையை அடியுங்கள், கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். வலையைப் பின்பக்கத் துளைகளுக்கும் அடிக்க வேண்டும். தூசிக்காக அன்று, பல்லிக்காக. வெதுவெதுப்பான இடம் என்று எஸ்.எம்.பி.எஸ். உள்ளே குடியேறிய பல்லி, தானும் கருகி, உள்ளே இருந்ததையும் கருக்கிவிட்டுப் போனதை நான் மேசையில் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஷீல்டு போடாமல் பின்பக்கத் திறப்பை அப்படியே விடுகிறவர்கள் பல்லிக்கு வாசல் திறந்து வைக்கிறார்கள்.

ஜூலை 6

வானொலி கேட்கும் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர், மரப்பெட்டிக் கணினி ஓடும்போது நடுத்தர அலையில் இரைச்சல் வருகிறது என்கிறார். வரும். இரும்புக் கேபினெட் தடுத்துக்கொண்டிருந்த அலைகளை மரம் தடுக்காது. பெட்டியின் உட்புறம் முழுவதும் அலுமினியத் தாளை ஒட்டி, அதைத் தகட்டோடு சேர்த்துவிட்டால் குறையும். ஆனால் அந்தத் தாள் ஒரு மூலையில் உரிந்து போர்டின் மேல் விழுந்தால் அன்றோடு கதை முடிந்தது. வானொலிப் பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றுவது எளிது.

ஜூலை 20

கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லாமல் விட்டேன். கார்டு மாட்டாதவரை, ஷீல்டின் திறப்பையும் அதற்கேற்ப வெட்டிக்கொண்டால், காலின் உயரம் 6 மி.மீ. ஆனால் என்ன, 8 ஆனால் என்ன. கார்டு மாட்டினால் நிலைமை வேறு. கார்டின் பின்பக்கப் பட்டையின் கீழ்நாக்கு தட்டில் உள்ள பிளவில் இறங்க வேண்டும், மேல்முனை திருகில் அமர வேண்டும். இரண்டும் போர்டின் உயரத்தைப் பொறுத்தவை. கால் உயரமானால் நாக்கு தொங்கிக்கொண்டு நிற்கும், மேல்முனையில் திருகு பிடிக்காது. வலுக்கட்டாயமாக முடுக்கினால் கார்டின் வால் தூக்கிக்கொண்டு, ஸ்லாட்டிலிருந்து பாதி வெளியே வந்துவிடும். பிளவுகளின் இடைவெளி 20.32 மி.மீ. என்பதையும் கையால் வெட்டிக் கொண்டுவருவது கடினம். கார்டு உண்டென்றால் காயலான் கடை வழியைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 3

தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். பழைய கேபினெட்டிலிருந்து வெட்டிய தட்டு, தேக்குப் பெட்டிக்குள் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. நீள்துளைகளை அரம் போட்டு ஒழுங்காக இழைத்திருக்கிறார். குறை சொல்ல வேண்டுமென்றால் இரண்டு.

உங்கள் போர்டு அகலம் குறைந்த வகை. தட்டில் உள்ள கடைசி வரிசைக் கால்கள் அதற்கு எட்டவில்லை. 24 முனை இணைப்பு இருக்கும் விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது. இணைப்பை மாட்டும்போது அந்த விளிம்பு கீழே போய் வருவது படத்திலேயே ஊகிக்க முடிகிறது. அந்த இடத்தில் திருகுத் துளை இல்லாததால் அடியில் தாங்கல் மட்டும் கொடுங்கள். நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் குமிழைக் கால்களின் உயரத்துக்குச் சீவி, பற்றவைப்பு முனை இல்லாத இடம் பார்த்துத் தட்டில் ஒட்டினால் போதும். போர்டில் ஒட்ட வேண்டாம்.

போர்டின் அடியில் பயன்படாத பித்தளைக் கால் ஒன்று இன்னும் தட்டிலேயே நிற்கிறது. போர்டில் அதற்கு நேராகத் துளை கிடையாது. அது போர்டின் அடியைத் தொட்டால் எங்கே ஷார்ட் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கழற்றிவிடுங்கள்.

ஆகஸ்ட் 4

ஆமாம் தம்பி, போர்டைத் தூக்காமல் அந்தப் பித்தளைக் காலைக் கழற்ற முடியாது. ஆறு திருகையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒரு திருகை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு சுற்று மட்டும் கடிக்க விட்டு, பின்பக்க வாய்கள் ஷீல்டோடு நேராக நிற்கின்றனவா என்று ஒரு யு.எஸ்.பி. கம்பியைச் செருகிப் பார்த்து, பிறகு எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். விரலால் முடுக்கி நின்ற இடத்திலிருந்து ஸ்குரூடிரைவரில் கால் சுற்று போதும்.

ஆகஸ்ட் 4, இரவு

திருகுக்கு அடியில் சிவப்பு ஃபைபர் வாஷர் போட வேண்டுமா என்றால், தேவையில்லை. துளையைச் சுற்றி உலோக வளையம் இல்லாத பழங்காலப் போர்டுகளுக்கு அது.